விரல் நுனியில் சுழலும் ஸ்டீயரிங்

கேள்வி: என் 1969 செவ்ரோலெட் கமேரோ காரின் பவர் ஸ்டீயரிங் பெட்டியைப் புதுப்பிக்கக் கொடுக்கிறேன். ஸ்டீயரிங் எவ்வளவு இறுக்கமாக வேண்டும் என்று மெக்கானிக் கேட்கிறார். என்ன சொல்வது?

பதில்: நடுத்தரம் என்று சொல்லுங்கள். சாகினா நிறுவனம் செய்த அந்தப் பெட்டிக்குள் டார்ஷன் பார் என்று பென்சிலை விட மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று உண்டு, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அது லேசாக முறுக்கிக்கொண்டால்தான் வால்வு திறந்து எண்ணெய் அழுத்தம் கைகொடுக்கும். கம்பி தடித்தால் கையில் பாரம் கூடும். மெல்லிய கம்பியில் ஒரு விரலால் திருப்பலாம், ஆனால் நெடுஞ்சாலையில் சாலையின் பிடியே கைக்குத் தெரியாது. ரொம்பத் தடித்ததைப் போட்டால், அதுவும் அகல டயரோடு, பார்க்கிங்கில் தோள் வலிக்கும். அப்புறம், பெட்டியின் மேல் திருகை முடுக்கியே இறுக்கமாக்கலாம் என்று மெக்கானிக் சொன்னால் விடாதீர்கள்: உள்ளே கியர் பல் தேயும், வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது.