குளோன் முடிஞ்சுது, லேப்டாப் எந்திரிக்கல

இந்த தடவ எடுத்துக்கிட்ட அஞ்சு கேள்வியும் ஒரே தலைவலிதான், டிஸ்க்கை குளோன், அதாவது விண்டோஸ், ஃபைல் எல்லாத்தையும் அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு காப்பி, பண்ணதுக்கு அப்புறம் வர்றது. ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், கமாண்டை எல்லாம் ஃபோன்ல சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதியிருக்கேன், டைப் பண்றப்ப இங்கிலீஷ்ல பண்ணுங்க.

கேள்வி: லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்குன்னு 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு 500 ஜிபி எஸ்எஸ்டி போடலாம்னு முடிவு பண்ணி, யூஎஸ்பி கேபிள்ல எஸ்எஸ்டியை மாட்டி ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர்ல குளோன் பண்ணேன். மூணு மணி நேரம் ஓடி 100 சதவீதம் சக்ஸஸ்னு வந்துச்சு. கழட்டி உள்ள மாட்டினா கருப்பு ஸ்கிரீன்ல 'நோ பூட்டபிள் டிவைஸ்'னு ஒத்த வரி, அவ்ளோதான். பழசைத் திருப்பி மாட்டினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. எஸ்எஸ்டி டிஃபெக்ட் பீஸா, ரிட்டர்ன் பண்ணிடவா?

பதில்: அவசரப்படாதீங்க. எஸ்எஸ்டி செத்த பீஸா இருந்தா குளோன் அவ்ளோ தூரம் போயிருக்கறது கஷ்டம். அதோட பழசு இன்னும் ஓடுதுன்னு சொல்றீங்க பாருங்க, அது போதும், எதுவும் கை மீறிப் போகல.

அந்த 100 சதவீதம் எதுக்குன்னு முதல்ல யோசிங்க. நீங்க எதை டிக் பண்ணீங்களோ அதை காப்பி பண்ணி முடிச்சாச்சுன்னு சாஃப்ட்வேர் சொல்லுது, லேப்டாப் பூட் ஆகும்னு அது எங்கயும் சொல்லல. பவர் பட்டனை அமுக்கினதும் மதர்போர்டுல இருக்கற ஃபர்ம்வேர், நாம பழக்கத்துல பயாஸ்னு சொல்றோமே அது, சி டிரைவைத் தேடிப் போறதே இல்ல. ஈஎஃப்ஐன்னு ஒரு குட்டி பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்ல தனியா பிரிச்ச ஒரு பகுதி, இருக்கும், ஃபேட்32 ஃபார்மட்ல, பெரும்பாலும் 100 எம்பிதான், அதுக்குள்ள போய் பூட் மேனேஜர் ஃபைலைத் தேடும், அந்த பூட் மேனேஜர் பிசிடின்னு ஒரு சின்ன ஃபைலைத் தொறந்து விண்டோஸ் எந்த டிஸ்க்ல எந்த பார்ட்டிஷன்ல இருக்குன்னு பாக்கும், அதுக்கப்புறம்தான் சி டிரைவ் பக்கமே வரும். உங்க கேஸ்ல முதல் படியிலயே நின்னுருக்கு. ஃபர்ம்வேருக்கு டிஸ்க்கே தெரியல, இல்ல டிஸ்க் தெரியுது ஆனா ஈஎஃப்ஐ கிடைக்கல.

மொதல்ல எஸ்எஸ்டியை உள்ள மாட்டி, எஃப்2வோ டிலீட்டோ உங்க மாடலுக்கு எதுவோ அதை அமுக்கி பயாஸ்குள்ள போங்க. டிஸ்க் லிஸ்ட்ல எஸ்எஸ்டி பேரு வருதா? வரலைன்னா கேபிள் சரியா உக்காரல, இல்ல ஸ்லாட்டுக்கு ஒத்து வராத எஸ்எஸ்டி. எம்.2 ஸ்லாட்டா, அதாவது பட்டை மாதிரி எஸ்எஸ்டியை சொருகற இடமா இருந்தா இது அடிக்கடி நடக்கும், டேட்டா போற வழில சாட்டா, என்விஎம்ஈன்னு ரெண்டு வகை, சாட்டா எம்.2வும் என்விஎம்ஈ எம்.2வும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், சில ஸ்லாட் ஒண்ணை மட்டும்தான் ஏத்துக்கும்.

பேரு வருதுன்னா பழைய டிஸ்க்கைத் திருப்பி உள்ள போட்டு பூட் பண்ணிட்டு, எஸ்எஸ்டியை யூஎஸ்பில மாட்டி விண்டோஸ்லயே இருக்கற டிஸ்க் மேனேஜ்மென்ட் தொறங்க. டிஸ்க் 0ன்னு ஒரு வரிசை, டிஸ்க் 1ன்னு கீழ இன்னொரு வரிசை. மேல பழசுல இடது ஓரமா 100 எம்பில ஒரு சின்ன கட்டம், ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்னு போட்டிருக்கும், அடுத்து பெரிய சி, கடைசில ரெக்கவரி. இப்ப கீழ எஸ்எஸ்டியைப் பாருங்க. அந்த சின்ன கட்டம் இருக்கா? என் அனுபவத்துல பாதி நேரம் இருக்காது, ஒரே ஒரு பெரிய கட்டம்தான் நிக்கும். குளோன் பண்றப்ப 'சி மட்டும் போதும்'னு மத்ததை எல்லாம் அன்டிக் பண்ணியிருப்பாங்க, ஏன்னா 100 எம்பி எதுக்கு, குப்பைன்னு நினைச்சு. நீங்களும் அதைத்தான் பண்ணியிருப்பீங்கன்னு சந்தேகம். எஸ்எஸ்டி வரிசைல 'ஆஃப்லைன்'னு இருந்தா பயப்படாதீங்க, ரெண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள நம்பர் இருக்கறதால விண்டோஸ் ஒண்ணை ஒதுக்கி வச்சிருக்கு. அதை ரைட் கிளிக் பண்ணி ஆன்லைன் குடுத்தா அந்த அடையாள நம்பரை மாத்திடும், அப்புறம் பூட் ஆகறதுல புதுசா ஒரு சிக்கல் வரலாம், சும்மா பாத்துட்டு விட்டுடுங்க.

சின்ன கட்டம் இல்லையா, ரிப்பேர் பண்ணி மண்டையை உடைச்சுக்காதீங்க. பழசு ஓடிட்டு இருக்கறப்ப எதுக்கு ரிப்பேர், எஸ்எஸ்டியை அழிச்சிட்டு முழு டிஸ்க்கையும், எல்லா பார்ட்டிஷனையும் டிக் பண்ணி இன்னொரு தடவ குளோன் பண்ணுங்க, மூணு மணி நேரம்தான் போகும். சோர்ஸ் எது, டார்கெட் எதுன்னு ரெண்டு தடவ படிச்சிட்டு ஓகே குடுங்க, காலி டிஸ்க்கை ஃபுல் டிஸ்க் மேல குளோன் பண்ணவங்களை நான் பாத்திருக்கேன், அதுவும் 100 சதவீதம் சக்ஸஸ்னுதான் வரும்.

கட்டம் எல்லாம் சரியா இருந்தும் பூட் ஆகலைன்னா அடுத்து மோடைப் பாக்கணும். விண்டோஸ் பட்டனும் ஆர்-உம் சேத்து அமுக்கி எம்எஸ்இன்ஃபோ32ன்னு போட்டா பயாஸ் மோடுன்னு ஒரு வரி வரும், பழைய பூட் முறையான லெகசியா, புது முறையான யூஈஎஃப்ஐயான்னு. லெகசின்னா டிஸ்க் எம்பிஆர் ஸ்டைல்ல இருக்கணும், யூஈஎஃப்ஐன்னா ஜிபிடி, ரெண்டும் எந்த பார்ட்டிஷன் எங்க இருக்குன்னு டிஸ்க்ல எழுதி வைக்கற முறை. கமாண்ட் விண்டோல டிஸ்க்பார்ட்னு அடிச்சு உள்ள போய் லிஸ்ட் டிஸ்க்னு அடிச்சா ஜிபிடி டிஸ்க்குக்கு நேரா கடைசி காலம்ல ஒரு நட்சத்திரம் இருக்கும். பழசுல நட்சத்திரம் இருந்து புதுசுல இல்லைன்னா, இல்ல தலைகீழா இருந்தா, குளோன் சாஃப்ட்வேர் தானா மாத்தி வச்சிருக்கு, அதுக்குள்ள செட்டிங்ல சரியா குடுத்து திரும்ப குளோன் பண்ணுங்க. பழசே எம்பிஆர், லேப்டாப்போ யூஈஎஃப்ஐ மட்டும்தான் எடுத்துக்கும்னா, விண்டோஸ் 10ல 2017ல வந்த 1703 வெர்ஷன்லேர்ந்து எம்பிஆர்2ஜிபிடின்னு ஒரு டூல் கூடவே இருக்கு, டேட்டா அழியாம மாத்திக் குடுக்கும். முதல்ல ஸ்லாஷ் வேலிடேட் போட்டு ஓகேவான்னு கேட்டுட்டு அப்புறம்தான் ஸ்லாஷ் கன்வர்ட். என்ன இருந்தாலும் பேக்கப் இல்லாம இதைத் தொடாதீங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் அடம் பிடிச்சா, இல்ல நீல ஸ்கிரீன்ல சி000000ஈன்னு முடியற எரர் வந்தா, பிசிடி தப்பான இடத்தைக் காட்டுதுன்னு அர்த்தம். 8 ஜிபி பென்டிரைவ்ல விண்டோஸ் இன்ஸ்டாலர் போட்டு, எஸ்எஸ்டியை உள்ள வச்சு, பழைய டிஸ்க்கை வெளில எடுத்து வச்சிட்டு, பென்டிரைவ்ல பூட் பண்ணுங்க. பூட் மெனுவுல பென்டிரைவ் பேருக்கு முன்னாடி யூஈஎஃப்ஐன்னு இருக்கறதை எடுங்க. லாங்வேஜ் கேக்கற ஸ்கிரீன்ல ஷிஃப்டும் எஃப்10உம் அமுக்கினா கருப்பு விண்டோ வரும். டிஸ்க்பார்ட், என்டர். லிஸ்ட் வால்யூம், என்டர். ஃபேட்32ன்னு போட்டு 100 எம்பி காட்டுற வால்யூம் எது, நம்பர் 3ன்னு வச்சுக்கோங்க. பென்டிரைவும் ஃபேட்32ல இருக்கலாம், அதனால சைஸைப் பாத்து எடுங்க. செலக்ட் வால்யூம் 3, என்டர். அசைன் லெட்டர் ஈக்வல்டு எஸ், என்டர். எக்ஸிட். இப்ப விண்டோஸ் ஃபோல்டர் எந்த டிரைவ்ல இருக்குன்னு பாக்கணும், இந்த ஸ்கிரீன்ல சி-ன்னு இருக்கறது உங்க வழக்கமான சி-யா இருக்கணும்னு அவசியம் இல்ல, டி-யா கூட மாறியிருக்கும், உள்ள இருக்கறதை லிஸ்ட் காட்டற டிஐஆர் கமாண்டைப் போட்டு உறுதி பண்ணிக்கோங்க. சி-ன்னே வச்சுக்குவோம். அப்புறம்தான் மெயின் கமாண்ட்: பிசிடிபூட், ஸ்பேஸ், சி கோலன் பேக்ஸ்லாஷ் விண்டோஸ், ஸ்பேஸ், ஸ்லாஷ் எஸ், ஸ்பேஸ், எஸ் கோலன், ஸ்பேஸ், ஸ்லாஷ் எஃப், ஸ்பேஸ், யூஈஎஃப்ஐ. பூட் ஃபைல் கிரியேட் ஆயிடுச்சுன்னு ஒரு வரி வந்தா பென்டிரைவை உருவிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. எங்க கேட்டாலும் பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர்னு ஒரு கமாண்டைப் போடுங்கன்னு சொல்லுவாங்க, ஜிபிடி டிஸ்க்ல அது ஒரு பிரயோஜனமும் இல்ல.

கேள்வி: எனக்கு லோகோ வருது, கீழ புள்ளி சுத்துது, அப்புறம் நீல ஸ்கிரீன்ல 'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்'. சாட்டா எஸ்எஸ்டிலேர்ந்து என்விஎம்ஈக்கு குளோன் பண்ணேன். பிசிடிபூட் பத்து தடவ போட்டாச்சு.

பதில்: பதினோராவது தடவ போட வேணாம். லோகோ வந்து புள்ளி சுத்துதுன்னா பூட் ஃபைல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, விண்டோஸ் கண்ணைத் தொறந்து தன்னோட டிஸ்க்கைத் தேடறப்பதான் மாட்டிக்குது. பழைய டிஸ்க் சாட்டா, அதனால பூட் நேரத்துல சாட்டாவோட டிரைவரை, அதாவது டிஸ்க்கோட பேச உதவற சாஃப்ட்வேரை, மட்டும் ஏத்தி பழகியிருக்கு. சேஃப் மோடுல ஒரு தடவ பூட் ஆனா மத்த ஸ்டோரேஜ் டிரைவரையும் ஏத்திப் பாக்கும், சரியானது கிடைச்சதும் அதை ஞாபகம் வச்சுக்கும், அப்புறம் நார்மலா ரீஸ்டார்ட் பண்ணா ஓடிடும். ரெண்டு மூணு தடவ பூட் ஃபெயில் ஆனா ரிப்பேர் ஸ்கிரீன் தானா வரும், டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், அப்புறம் நம்பர் 4. சேஃப் மோடுல பின் நம்பர் சில சமயம் வேலை செய்யாது, அக்கவுன்ட் பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கான்னு முன்னாடியே பாத்துக்கோங்க.

அதுக்கும் மசியலைன்னா பயாஸ்ல ஸ்டோரேஜ் மோடு மாறியிருக்கான்னு பாருங்க. ஏஹெச்சிஐ, ரெய்டு, இன்டெல் பிராசஸர்னா விஎம்டின்னு மோடு பேரு ஏதாவது ஒண்ணு இருக்கும். பழைய டிஸ்க் எந்த மோடுல ஓடுச்சோ அதுலயே இருக்கட்டும், பேட்டரி கழட்டினப்ப டீஃபால்ட்டுக்கு போயிருக்கலாம்.

கேள்வி: குளோன் பண்ண டிஸ்க்கை டாக்ல, அதான் டிஸ்க்கை சொருகற ஸ்டாண்டுல, வச்சு யூஎஸ்பில மாட்டினா எல்லா ஃபைலும் தெரியுது, லேப்டாப்குள்ள போட்டா டிஸ்க் காலி, இனிஷியலைஸ் பண்ணுன்னு கேக்குது! பேய் பிடிச்சிருக்கா?

பதில்: பேய் டாக்ல இருக்கு. தயவு செஞ்சு இனிஷியலைஸ் குடுத்துடாதீங்க. சில யூஎஸ்பி டாக், முக்கியமா பெரிய டிஸ்க்குக்கு, 512 பைட் செக்டாரை, அதாவது டிஸ்க் டேட்டாவைப் பிரிச்சு வைக்கற துண்டை, 4096 பைட்னு மாத்திக் காட்டும். பார்ட்டிஷன் விவரம் ஆரம்பிக்கற ஜிபிடி ஹெடர் செக்டார் 1ல, 0லேர்ந்து எண்ணினா ரெண்டாவதுல, இருக்கணும்னு கணக்கு. டாக் வழியா எழுதினப்ப அது 4096வது பைட்டுல போய் உக்காந்துருச்சு, லேப்டாப் நேரா பாக்கறப்ப 512வது பைட்டுல தேடுது, அங்க ஒண்ணும் இல்ல. ரெண்டாவது படில சாவி வச்சிருக்கேன்னு ஒருத்தர் சொல்லி, உங்க வீட்டுப் படி அவர் வீட்டுப் படியை விட எட்டு மடங்கு சின்னதா இருந்தா எப்படி இருக்கும், அதுதான். புது டிஸ்க்கை உள்ள மாட்டி, பழசை யூஎஸ்பில மாட்டி, பென்டிரைவ்லேர்ந்து பூட் பண்ற குளோன் சாஃப்ட்வேரா எடுத்து பண்ணுங்க. அந்த டாக்ல பழசையும் மாட்டாதீங்க, வேற சாதா கேபிள் எடுங்க.

கேள்வி: 48 நம்பர் ரெக்கவரி கீ கேக்குது. நான் பிட்லாக்கர் போட்டதே இல்ல சார்.

பதில்: பிட்லாக்கர்னா டிஸ்க்கைப் பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி. நீங்க போடல, அது தானா போட்டுக்கிச்சு. நிறைய லேப்டாப்புல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணதுமே அதே பூட்டு டிவைஸ் என்கிரிப்ஷன்ங்கற பேருல ஆன் ஆயிடும். கீயும் அந்த அக்கவுன்ட்லதான் சேவ் ஆகியிருக்கும், ஃபோன்ல லாகின் பண்ணி டிவைஸ் லிஸ்ட்ல பாருங்க, ஸ்கிரீன்ல காட்டற கீ ஐடியோட முதல் எட்டு எழுத்து பொருந்தற கீயை எடுத்து அடிங்க. அடுத்த தடவ குளோனுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல என்கிரிப்ஷனை ஆஃப் பண்ணி, அது முழுசா முடியற வரைக்கும் காத்திருந்துட்டு ஆரம்பிங்க.

கேள்வி: எனக்கு குளோன் நல்லா முடிஞ்சு புது டிஸ்க்ல ஓடுது. பழசும் ரெண்டாவது ஸ்லாட்ல உள்ளயே இருக்கு. ஃபார்மட் பண்ணி ஃபோட்டோ போட்டுக்கலாமா?

பதில்: நான் இதே மாதிரி அன்னைக்கு சாயங்காலமே ஃபார்மட் பண்ணவன். மறுநாள் காலைல பவர் போட்டா 'நோ பூட்டபிள் டிவைஸ்'. என்ன நடந்துச்சுன்னா, விண்டோஸ் புது டிஸ்க்லேர்ந்துதான் ஓடிட்டு இருந்துச்சு, ஆனா ஃபர்ம்வேர் பழைய டிஸ்க்ல இருந்த ஈஎஃப்ஐ பார்ட்டிஷனைப் பிடிச்சு அது வழியா உள்ள போயிட்டு இருந்திருக்கு. நான் அந்த வாசலை இடிச்சுட்டேன். மேல சொன்னேனே பிசிடிபூட், அதை நான் கத்துக்கிட்டது அன்னைக்குத்தான்.

லேப்டாப்பை ஷட்டவுன் பண்ணி பழசைக் கழட்டி மேஜை மேல வச்சிட்டு பவர் போடுங்க. டெஸ்க்டாப் வரைக்கும் வந்துச்சா, ஒரு வாரம் அப்படியே ஓட்டுங்க, அப்புறம் திருப்பி மாட்டி ஃபார்மட் பண்ணி ஃபோட்டோ போட்டுக்கோங்க.