காற்றாலை இறக்கையை வெட்டிப் பார்க்காமல் உள்ளே இருக்கும் குறையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஒரு பொருளை வெட்டாமல், துளையிடாமல் அதன் உட்புறத்தை ஆராய்வதற்குச் சிதைவிலாச் சோதனை என்று பெயர். சோதித்த பொருளை அப்படியே பயன்படுத்தலாம்.

காற்றாலை இறக்கைக்கு இது ஏன் தேவை? கண்ணாடி இழைத் துணிகளை அடுக்கடுக்காகப் பரப்பி, பிசினை ஊறவிட்டு, இறுகிய இரண்டு ஓடுகளைப் பசையால் ஒட்டித்தான் அதைச் செய்கிறார்கள். பிசின் எட்டாத உலர்ந்த இடம், பசையில் இடைவெளி, துணியில் மடிப்பு என எது இருந்தாலும் பெயின்ட் அடித்தபின் கண்ணுக்குத் தெரியாது. என்னைக் கேட்டால் மடிப்புதான் பொல்லாதது. இழை நேராக இருக்கும்வரைதான் அதற்கு முழு வலு. வளைந்த இடத்தில் சுமை பிசின்மேல் விழுகிறது. கோடிக்கணக்கான முறை இறக்கை வளைந்து நிமிரும்போது விரிசல் அங்கே தொடங்கக்கூடும்.

தரையில் பதித்த டைல்ஸை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். அடியில் சிமென்ட் பிடிக்காத இடம் மட்டும் பொள்ளென்று ஒலிக்கும். மீயொலிக் கருவி செய்வதும் ஏறக்குறைய அதுதான். காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்புகிறது. காற்று இடைவெளியில் பட்டால் ஒலி அநேகமாக முழுவதும் திரும்பிவிடும். திரும்ப எடுத்த நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடலாம். இழைகள் ஒலியைச் சிதறடிப்பதால், எஃகுக்கு வழக்கமாகப் பயன்படுத்துவதைவிடக் குறைந்த அதிர்வெண் வேண்டும். மேற்பரப்பைச் சூடாக்கி வெப்பக் கேமராவால் பார்ப்பதும் உண்டு. அது வேகமானது, ஆனால் ஆழத்தில் இருப்பதைக் காட்டாது.

கருவி குறை எதையும் காட்டாவிட்டால் ஒட்டு உறுதியாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஏனென்றால் பசை பிடிக்காமல் வெறுமனே நெருக்கமாகத் தொட்டுக்கொண்டிருந்தாலும் ஒலி பெரும்பாலும் தடையின்றிக் கடந்துவிடும்.