கிணற்றுத் தண்ணீர் தந்த கறை

கேள்வி: வயது 23. பிறந்து வளர்ந்தது கொழிஞ்சாம்பாறைப் பக்கம்; குடித்ததெல்லாம் போர்வெல் தண்ணீர். முன்பற்களில் வெள்ளைத் திட்டும் காப்பி நிறக் கோடுமாக இருக்கிறது. கரிப்பொடி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. தை மாதம் கல்யாணம். ப்ளீச்சிங் செய்யலாமா?
– வாசகி, பாலக்காடு மாவட்டம்

பதில்: கரிப்பொடியை இன்றே நிறுத்துங்கள். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை. அதைத் தாண்டிய நீரைச் சிறுவயதில் குடித்தால், ஈறுக்குள் பல் உருவாகும்போதே எனாமல் கெடுகிறது. நீங்கள் சொல்வது அந்தக் கறையாகத்தான் தெரிகிறது. தேய்க்கத் தேய்க்க எனாமல்தான் குறையும். அடியிலுள்ள மஞ்சள் டென்டின் இன்னும் எடுப்பாகத் தெரியும். எலுமிச்சையும் உப்பும் செய்வது அதே கேடுதான்.

முதலில் பல்லைச் சுத்தம் செய்து, சொத்தை இருந்தால் தற்காலிகமாக அடைத்துவிட வேண்டும். காப்பி நிறக் கோட்டுக்கு மைக்ரோஅப்ரேஷன் நல்லது: ஈறை ரப்பர் ஷீட்டால் மூடி, அமிலம் கலந்த பசையால் மேல்பரப்பை மட்டும் டாக்டர் சில முறை தேய்த்துக் கழுவுவார்.

அடுத்து ப்ளீச்சிங். உங்கள் பல்லுக்கு அளவெடுத்த ட்ரேயில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல், பல்லுக்கு ஒரு அரிசி அளவு, இரவில் போட வேண்டும். ஈறில் வழிந்ததை விரலால் துடைத்துவிடுங்கள், விட்டால் புண்ணாகும். சாதாரண மஞ்சளுக்கு 2 வாரம் போதும், இந்தக் கறைக்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். முதல் சில நாள் வெள்ளைத் திட்டு இன்னும் பளிச்சென்று தெரியும். பயந்து நிறுத்த வேண்டாம். மற்ற இடம் வெளுத்ததும் வித்தியாசம் குறையும். அப்படியும் தெரிந்தால் ரெசின் ஊடுருவல் சிகிச்சை உண்டு: திட்டிலுள்ள நுண்துளைகளில் திரவப் பிசினை இறங்கவிட்டு இறுக வைப்பார்கள். கூச்சம் வந்தால் ஓர் இரவு விட்டு ஓர் இரவு போடுங்கள்; 5 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட் உதவும்.

ப்ளீச்சிங் முடிந்து 2 வாரம் கழித்தே நிரந்தரமான பல் நிற அடைப்பு வைக்க வேண்டும், அதற்கு முன்னால் வைத்தால் சரியாக ஒட்டாது. அதனால் ஐப்பசியிலேயே தொடங்குங்கள். கல்யாண அவசரத்தில் வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு) கேட்காதீர்கள். அதற்குப் பெரும்பாலும் எனாமலைச் சீவ வேண்டும். சீவியது திரும்ப வராது.

வீட்டில் 8 வயதுக்குக் கீழ் குழந்தைகள் இருந்தால் தண்ணீரைப் பரிசோதித்துப் பாருங்கள். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. வடிகட்டி அதைக் குறைக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. வெற்றிலை, புகையிலைக் கறை. க்ளீன் பண்ணினால் பல் ஆடிவிடும் என்கிறார்.
– வாசகர், நகரி

பதில்: ஆடாது. பல்லில் கல் போல இறுகிய காரை ஈறை ஏற்கெனவே கெடுத்திருக்கும். அதை எடுத்ததும் இடைவெளி தெரிவதால் அப்படித் தோன்றுகிறது. சில நாள் கூச்சம் இருக்கும். அவர் கறை மேலே படிந்தது, க்ளீனிங்கிலேயே பெரும்பகுதி போய்விடும். புகையிலையை விடாவிட்டால் திரும்ப வரும். கறையைவிட முக்கியம், கன்னத்தின் உள்பக்கத்தையும் நாக்கின் ஓரத்தையும் டாக்டரிடம் காட்டுவது. வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, ஆறாத புண் எதுவும் 2 வாரத்துக்கு மேல் இருந்தால் தள்ளிப்போடாமல் அழைத்துப் போங்கள்.