‘கேனரி இன் தி கோல் மைன்’: எல்லா எச்சரிக்கைக்கும் பொருந்துமா?

கேள்வி: ஆங்கிலச் செய்திகளில் ‘கேனரி இன் தி கோல் மைன்’ என்று அடிக்கடி வருகிறதே, என்ன அர்த்தம்? எந்த எச்சரிக்கைக்கும் இதைச் சொல்லலாமா?

எல்லா எச்சரிக்கைக்கும் சொல்ல முடியாது. நேர்ப்பொருள், ‘நிலக்கரிச் சுரங்கத்தில் கேனரிப் பறவை’. ஓர் ஆபத்து எல்லாரையும் தாக்கும் முன், அதே ஆபத்தில் முதலில் அடிபடுகிறவர் அல்லது அடிபடுகிற பொருள்தான் அந்தக் கேனரி. ‘யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே’ என்று சிலர் விளக்குகிறார்கள். பாதிதான் சரி. மணிக்கு ஒன்றும் ஆவதில்லையே!

கேனரி என்பது கூண்டில் வளர்க்கும் சிறிய பாட்டுப் பறவை. 1896இல் வேல்ஸில் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தபோது, இறந்தவர்களின் உடல்களை உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆராய்ந்தார். பெரும்பாலோரைக் கொன்றது வெடி அல்ல, அதன்பின் பரவிய கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக ஒட்டிக்கொள்ளும். ஏதோ சரியில்லை என்று ஆள் உணர்வதற்குள் கால் துவண்டுவிடும். அதனால் எலியையோ சிறு பறவையையோ உடன் கொண்டுபோகச் சொன்னார் ஹால்டேன். சின்ன உடம்பு, வேகமான மூச்சு; விஷம் சீக்கிரம் ஏறும். கம்பில் உட்கார்ந்திருக்கும் கேனரி தள்ளாடி விழுந்தால், விளக்கு வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும். உடனே எல்லாரும் வெளியே ஓட வேண்டியதுதான்.

பறவை செத்தே தீர வேண்டும் என்றும் இல்லை. சில கூண்டுகளின் மேலே சின்ன ஆக்சிஜன் உருளை இருந்தது. பறவை மயங்கினால் கூண்டுக் கதவை மூடி வால்வைத் திறப்பார்கள், தெளிந்து எழுந்துவிடும். 1986இல் மின்னணுக் கருவிகள் வருகின்றன, இனிப் பறவைகள் வேண்டாம் என்று பிரிட்டனில் அறிவித்தபோது, 200க்கும் மேற்பட்ட கேனரிகள் பணியில் இருந்தன.

சரி, எங்கே பயன்படுத்துவது? ஜப்பானின் மினமாட்டாவில் 1950களில் பூனைகளுக்கு வலிப்பு வந்து, ஆடுவதுபோல் துள்ளி விழுந்து செத்தன. ஆலைக் கழிவின் பாதரசம் ஏறிய மீனைத் தின்றதால் வந்த வினை. 1956இல் மனிதர்களுக்கு வந்த நோய் அதிகாரப்பூர்வமாகப் பதிவானது. அவர்களும் அதே மீனைத்தான் சாப்பிட்டார்கள். அந்தப் பூனைகளைக் கேனரி என்றால் அச்சாகப் பொருந்தும். பொருளாதாரத்திலும் சொல்லலாம்: அமெரிக்காவில் வீட்டுக்கடன் நிறுவனமான நியூ செஞ்சுரி 2007 ஏப்ரலில் திவாலானது. அதே வீட்டுக்கடன் சிக்கலில் பெரிய முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்தது 2008 செப்டம்பரில். முன்னது கேனரி.

வானிலை மையம் விடும் புயல் எச்சரிக்கைக்கோ, அலுவலகத்தில் மேலாளர் கொடுக்கும் மெமோவுக்கோ இது ஒட்டாது. அப்புறம், ஆள்குறைப்பில் முதலில் வேலை போனவரைப் பற்றிப் பேசும்போது இலக்கணப்படி இது சரியாகத்தான் இருக்கும். அவர் காதுபட மட்டும் சொல்லிவிடாதீர்கள்.