கச்சேரிக் கையும் கோயில் கையும்

அன்பின் அண்ணாவுக்கு, ஸ்தோத்திரம்.

நான் பதினாலு வயசுல இருந்து எங்க சபையில கீபோர்ட் வாசிக்கிறேன். இப்ப இருபத்தாறு. சனிக்கிழமை ராத்திரி ஒரு மெல்லிசைக் குழுவோட கல்யாண வீடு, கொடை விழான்னு போவேன், வீட்டுச் செலவு அதுலதான் ஓடுது. போன மாசம் கமிட்டியில ஒருத்தர் எழுந்து, ராத்திரி குத்துப்பாட்டு வாசிச்ச கை காலையில பாமாலை வாசிக்கக்கூடாது, ரெண்டுல ஒண்ண விட்டுரட்டும்னு சொல்லிட்டாரு. ஐயர், அதான் எங்க சபைப் போதகர், ஒண்ணும் பேசல. ரெண்டு வாரமா கீபோர்டைத் தொறக்கவே மனசில்ல. ஆயுசு முழுக்க கர்த்தருக்குன்னே வாசிச்சு ஒருத்தன் வாழ முடியுமா? அப்படி வாழ்ந்தவங்க இருக்காங்களா?

(பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு)

அன்புள்ள தம்பி,

ஸ்தோத்திரம். உன் லெட்டரை மூணு தடவை படிச்சேன், மூணு தடவையும் கீபோர்டைத் தொறக்கலைங்கிற எடத்துலயே நின்னுட்டேன். கமிட்டியை அப்புறம் பாப்போம். நீ கேட்ட மாதிரி வாழ்ந்த ஒருத்தரைச் சொல்றேன். தாமஸ் ஏ. டார்சி. அமெரிக்காவுல கறுப்பின மக்களோட காஸ்பல் இசைக்கு, அதாவது அவங்க சபைகள்ல பாடுற பக்திப் பாட்டுக்கு, தகப்பன்னு அவரைத்தான் சொல்லுவாங்க. 1899ல ஜார்ஜியாவுல வில்லா ரிக்காங்கிற சின்ன ஊர்ல பொறந்தாரு, அப்பா பிரசங்கியார், அம்மா ஆர்கன் வாசிப்பாங்க. அப்போ நேரா கோயிலுக்குள்ளயே வளந்து வந்திருப்பாருன்னு நினைப்பே, இல்ல. சின்னப் பையனா இருக்கும்போதே அட்லாண்டாவுல பார்ட்டி நடக்குற வீடுகள்ல ராத்திரி பூரா பியானோ, அப்புறம் சிகாகோ, 1924ல ப்ளூஸ் பாடகி மா ரெய்னியோட குழுவுக்கு லீடர். ப்ளூஸ்னா கறுப்பின மக்களோட உலகப் பாட்டு, கோயிலுக்கு வெளிய பாடுறது. ஜார்ஜியா டாம்ங்கிற பேர்ல 1928ல டாம்பா ரெட்ங்கிற கிட்டார்காரரோட சேர்ந்து போட்ட ஒரு டபுள் மீனிங் பாட்டு, லட்சக்கணக்குல வித்த ரெக்கார்ட் அது.

இதுக்கு நடுவுலயே அவரு கோயில் பக்கம் வந்துட்டு வந்துட்டுப் போனவரு. 1921ல பாப்டிஸ்ட் சபைகளோட கன்வென்ஷன்ல, அதாவது மாநாட்டுல, ஒருத்தர் பாடுனதைக் கேட்டு இனி இதுதான்னு முடிவு பண்ணாரு, கொஞ்ச நாள்லயே திரும்ப ப்ளூஸ். 1926ல மனசு ஒடஞ்சு வேலைக்கே போக முடியாம கெடந்தாரு, அந்த நேரத்துல செத்துப்போன ஒரு சிநேகிதனுக்காக ஒரு பாட்டு எழுதி, அஞ்சு டாலர் கடன் வாங்கி 500 காப்பியை நாடு முழுக்க இருக்குற சபைகளுக்கு தபால்ல அனுப்புனாரு. ஏறக்குறைய மூணு வருஷம் ஒரு ஆர்டர் வரல. வயித்துக்கு வேணுமே, அதனாலதான் அந்த 1928 பாட்டு. நீ சனிக்கிழமை ராத்திரி மேடை ஏறுற காரணமும் அதுதானே தம்பி.

சிகாகோவுல பெரிய சபைகள்ல அப்போ கொயர்னா, அதான் சபைப் பாடகர் குழு, ஐரோப்பிய முறையில பயிற்சி எடுத்தவங்க பாடுறது, கை தட்டுறதே மரியாதை இல்லன்னு நெனச்ச காலம், அங்க போயி இவரு ப்ளூஸ்ல வர்ற மாதிரி மூணாவது ஸ்வரத்தையும் ஏழாவதையும் லேசா எறக்கி, இடது கையில அந்த ஆட்டத்தோட வாசிச்சா எப்படி இருந்திருக்கும். நல்ல நல்ல சபைகள்ல இருந்தெல்லாம் என்னைத் தொரத்தியிருக்காங்கன்னு பின்னாடி அவரே சொல்லியிருக்காரு. 1930ல சிகாகோவுலயே நடந்த கன்வென்ஷன்ல அந்த ஆர்டர் வராத பாட்டை ஒரு அம்மா பாட, கூட்டம் எழுந்து நின்னுருச்சு, காப்பி ஆயிரக்கணக்குல போச்சு. மறுவருஷம் எபனேசர் பாப்டிஸ்ட் சபையில கொயர் ஆரம்பிக்கச் சொன்னாங்க, ஏன்னா அமெரிக்காவோட தெக்குல இருந்து பொழைக்க வந்த சனங்களுக்கு ஊர்ல கேட்ட மாதிரி பாட்டு வேணும். 1932ல பில்கிரிம் பாப்டிஸ்ட், அங்க பல வருஷம் இருந்தாரு.

அந்த 1932 ஆகஸ்டைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும். மனைவி நெட்டிக்கு நெறமாசம். செயின்ட் லூயிஸ்ல ஒரு எழுப்புதல் கூட்டத்துக்குப் பாடப் பொறப்பட்டவரு, நோட்ஸ் வச்ச பையை மறந்துட்டுப் பாதி வழியில திரும்பி வந்தாரு, வந்தா அவங்க தூங்கிட்டு இருக்காங்க, எழுப்ப வேண்டாம்னு பையை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. மறுநாள் ராத்திரி கடும் வெக்கை, ஜனங்க இன்னொண்ணு இன்னொண்ணுன்னு கேக்க பாடி முடிச்சு உக்காந்தா ஒரு பையன் தந்தியை நீட்டுறான். மனைவி எறந்துட்டாங்க. சுத்தி இன்னும் கை தட்டிப் பாடிக்கிட்டுத்தான் இருக்காங்க. பொறந்த ஆண் குழந்தையும் போயிருச்சு, ரெண்டு பேரையும் ஒரே பெட்டியில அடக்கம் பண்ணாரு. கர்த்தர் எனக்கு அநியாயம் பண்ணிட்டாரு, இனி காஸ்பல் பாட்டே வேண்டாம், பழைய ஜாஸ் ஒலகத்துக்கே போயிருவோம்னு இருந்தாரு. சில நாள் கழிச்சு நண்பர் தியோடர் ஃப்ரை அவரை ஒரு காலேஜ் ம்யூசிக் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாரு, அங்க சும்மா விரலை வச்சாரு, வந்தது ஒரு பழைய பாமாலை மெட்டு, 19ஆம் நூற்றாண்டுது, கூடவே புது வார்த்தைகள். 'டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லார்ட்', என் கையைப் பிடியும் அருமைக் கர்த்தரேன்னு அர்த்தம். மெட்டு கோயிலோடது, அதை இழுத்து நிறுத்தி அழவைக்குற அந்த வாசிப்பு ப்ளூஸ்ல கத்துக்கிட்டது. பார்ட்டி வீட்டுல வாசிச்ச அதே பத்து விரல் தம்பி. 1968ல மெம்ஃபிஸ்ல மார்ட்டின் லூதர் கிங் சுடப்படுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, இன்னைக்கு ராத்திரி இதை வாசின்னு ஒரு இசைக்காரர்கிட்ட கேட்டது இந்தப் பாட்டைத்தான்.

நம்ம பக்கம் மட்டும் என்ன? தஞ்சாவூர் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி எழுதுனாரே, குறவஞ்சி எங்க இருந்து வந்தது? அரண்மனையிலயும் இந்துக் கோயில்லயும் ஆடிப் பாடுன வடிவம். இன்னைக்கு நாம கண்ண மூடிப் பாடுற கீர்த்தனையில பாதி ராகம் கச்சேரி மேடையில இருந்து வந்ததுதான். உன் கமிட்டிக்காரரும் அதைப் பாடித்தான் வளந்திருப்பாரு.

சாப்பாட்டு விஷயத்துக்கு வர்றேன். டார்சி பொழச்சது மேடையில மட்டும் இல்ல, பாட்டை அச்சடிச்சு வித்து. மஹாலியா ஜாக்சன்ங்கிற காஸ்பல் பாடகி பாடிக் காட்டுவாங்க, இவரு காப்பி விப்பாரு. கணக்கை சரிபண்ணிக் குடுத்தது சாலி மார்ட்டின்னு ஒரு பாடகி, அவங்க இல்லைன்னா காசு எங்க வருது எங்க போகுதுன்னே தெரிஞ்சிருக்காது. அதனால முழுநேரமா போகணும்னா முதல்ல நீ போட்ட ட்யூனை எல்லாம் நொட்டேஷனோட எழுதி வை, தேதி போட்டு வை, கணக்கு பாக்க ஒரு ஆளை வச்சுக்கோ. அதுவரைக்கும் கச்சேரியை விடாத. டபுள் மீனிங் பாட்டு உனக்கே உறுத்துனா அதை மட்டும் வாசிக்க மாட்டேன்னு குழுவுல சொல்லு, மத்தவங்க சொன்னாங்கன்னு விடாத.

கமிட்டியில எந்திரிச்சு வாதாட வேண்டாம். வார நாள்ல சாயங்காலமா ஐயர் வீட்டுக்குத் தனியா போ, வீட்டு நெலமையைச் சொல்லு, இந்த ஞாயிறு நான் வாசிக்கலாமா கூடாதா ஐயான்னு நேரா கேளு. கூட்டத்துல பேசாதவங்க தனியா பேசுவாங்க, நான் பாத்திருக்கேன்.

போறதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரியே ஒண்ணு பண்ணு. 1956ல மஹாலியா பாடுன 'பிரெஷஸ் லார்ட்' ரெக்கார்டிங்கைத் தேடி எடு, ஹெட்போன்ல கேளு. குரலை ரெண்டாவது தடவை கேட்டுக்கலாம், முதல் தடவை பியானோவை மட்டும். மில்ட்ரெட் ஃபால்ஸ்னு ஒரு அம்மா வாசிக்கிறாங்க. அவங்க இடது கை எங்க காத்திருக்கு, எங்க எறங்குதுன்னு பாரு. பாத்துட்டு கீபோர்டைத் தொறந்து, உங்க சபையில பாடுற ஏதாவது ஒரு பாமாலையை அந்த வேகத்துல வாசிச்சுப் பாத்து எனக்கு ரெக்கார்ட் பண்ணி அனுப்பு. காத்துக்கிட்டு இருக்கேன்.

அன்புடன்,
அண்ணன்