‘தோனா தைக்வா’: மோகினியா, கடற்கன்னியா?

கேள்வி: ஸ்பெயினின் வடகிழக்கில் கேட்டலன் மொழி பேசுகிறவர்களின் நாட்டுப்புறக் கதை ஒன்றைச் சிறுவர்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். அதில் வரும் ‘தோனா தைக்வா’வை மோகினி என்பதா, கடற்கன்னி என்பதா?

பதில்: இரண்டுமே வேண்டாம். கடற்கன்னிக்கு அவர்கள் மொழியில் ‘சிரேனா’ என்று தனிச்சொல் இருக்கிறது. உங்கள் கதையில் வருகிறவள் சுனையிலும் மலையோடை மடுவிலும் வசிப்பவள், பெரும்பாலும் முழு மனித உருவம்தான். மோகினி என்றாலோ நம் பிள்ளைகளுக்கு ஆளை மயக்கி அடிக்கிற பேய்தான் நினைவுக்கு வரும், இவள் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை குட்டியோடு குடும்பம் நடத்துகிறவள்.

மொன்ட்செனி மலையடியில் இருக்கிற குவால்பா ஊர்க் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணை வீட்டு வாரிசு ஒருவன் மடுவோரம் அவளைப் பார்த்துக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். ‘என்னைத் தோனா தைக்வா என்று ஒருநாளும் சொல்லிக் காட்டக் கூடாது’ என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் அவள் சம்மதிக்கிறாள். வீடு செழிக்கிறது, பிள்ளைகள் பிறக்கின்றன. அப்புறம் ஒருநாள் சண்டை முற்றி அவன் வாயிலிருந்து அந்தச் சொல் விழுந்துவிடுகிறது, அவ்வளவுதான், ஓடிப்போய்த் தண்ணீருக்குள் மறைந்துவிடுகிறாள். இரவில் மட்டும் யாருக்கும் தெரியாமல் பிள்ளைகளைப் பார்க்க வருகிறாள், அவள் கண்ணீர் முத்தாக உதிர்கிறது.

கதை முறிகிற இடமே அந்தப் பெயர்தான், அதனால் அது கோபத்தில் ஒரு கணவன் வாயில் வரக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும். ‘நீரணங்கு’ எனக்கும் பிடித்த சொல், ஆனால் சண்டையில் யார் ‘நீரணங்கே’ என்று கத்துவார்கள்? கேட்டலனில் ‘தோனா’ என்பது பெண், மனைவி இரண்டையும் குறிக்கும் அன்றாடச் சொல், ‘ஐக்வா’ என்றால் வெறும் தண்ணீர். ‘தண்ணீர்ப் பெண்’ என்றே வையுங்கள். வாக்கு வாங்கும்போது என்ன சொல்லோ, சண்டையிலும் அதே சொல் வரட்டும்; மாற்றினால் பிள்ளைகளுக்கு அவன் செய்த தப்பு பிடிபடாது.

ஜிரோனா பக்கத்துக் கதைகளில் இதே தண்ணீர்ப் பெண் ‘கோஜா’ என்ற பெயரில் வந்தால் அப்படியே விடுங்கள், பன்யோலஸ் ஏரிக்கு அருகே எஸ்துனஸ் பாறைப் பிளவுகளில் இவர்கள் இருப்பதாகச் சொல்வார்கள். பிரனீஸ் மலைப்பக்கம் ‘என்கன்தாதா’, அதாவது மந்திரத்தில் கட்டுண்டவள். அவர்கள் நிலா வெளிச்சத்தில் துவைத்துக் காயப்போடும் துணியில் ஒன்று கைக்குக் கிடைத்தால் அந்த வீட்டில் வறுமையே வராதாம். அங்கே மட்டும் ஆசைப்பட்டுப் ‘புடவை’ என்று எழுதிவிடாதீர்கள், ‘வெள்ளைத் துணி’ போதும்.