ஐந்து வாட்டை வைத்துக்கொண்டு வெளியிடத்திலிருந்து அமெச்சூர் வானொலிப் போட்டியில் கலந்துகொண்டால் யாருக்காவது கேட்குமா?

கேட்கும். திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் மணலில் உட்கார்ந்து நான் ஐந்து வாட்டில் அனுப்பியது ஐரோப்பாவில் கேட்டிருக்கிறது. லைசென்ஸ் எடுத்துப் பொழுதுபோக்காக ரேடியோவில் கதைக்கிறவர்கள், குறித்த நேரத்துக்குள் முடிந்தவரை அதிக நிலையங்களோடு தொடர்புகொள்வதுதான் இந்தப் போட்டி.

கேள்விக்குக் கீழே "100 வாட் ரேடியோ வாங்கும்வரை பொறுத்திருக்கலாமா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை எழுத வைத்தது. லைசென்ஸ் புதிதாகக் கிடைத்திருக்கும், வாடகை வீடாக இருக்கும், கூரையில் வயர் கட்ட வீட்டுக்காரர் விடமாட்டார், சுற்றிவர எல்இடி பல்புகள் ரேடியோவில் கிளப்பும் இரைச்சல் வேறு. நானும் அப்படித்தான் இருந்தேன். பொறுத்திருக்கிறேன் என்று சொல்லியே மூன்று வருடத்தைப் போக்கினேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கணக்கைப் பாருங்கள். 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் 13 டெசிபெல் குறையும். சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீற்றரில் ஒரு படி 6 டெசிபெல். அதாவது உங்களை எஸ்9இல் கேட்க வேண்டியவர் எஸ்7க்குச் சற்றுக் கீழே கேட்பார், அவ்வளவுதான். புள்ளியும் கோடுமாக அனுப்பும் மோர்ஸுக்கு அது தாராளம். நிலாவெளிப் பக்கம் ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலியின் மறு ஒலிபரப்பு நிலையம் 250 கிலோவாட்டில் சிற்றலை ஒலிபரப்பிய ஊர் எங்களுடையது. அதில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான் என்னுடைய சக்தி. "இது எங்கே போய்ச் சேரப்போகிறது" என்று கேட்டவர்கள் உண்டு. அதிக சக்தியில் ஆடுபவர்களை நான் குறை சொல்லவில்லை, அது அவரவர் விருப்பம். குறைந்த சக்தி வீண் என்று புதியவர்களிடம் சொல்வதுதான் எனக்குப் பொறுக்காது.

2023 மே மாதக் கடைசி வார இறுதியில் சிகியூ டபிள்யூபிஎக்ஸ் என்ற உலகளாவிய மோர்ஸ் போட்டி. நமக்குச் சனிக்கிழமை காலை 5.30க்குத் தொடங்கி 48 மணி நேரம் நடக்கும். தனி ஆளுக்கு அதில் 36 மணி நேரம்தான் அனுமதி. 5 வாட்டுக்கு உட்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. என்னிடம் இருந்தது எஃப்டி-817 என்ற பழைய சின்ன ரேடியோ. கேட்கும்போது அரை அம்பியருக்குக் கீழே, அனுப்பும்போது 2 அம்பியர் இழுக்கும். 6 அம்பியர்-மணி பற்றரி ஒன்று ஒரு பின்னேரத்துக்குப் போதும். அன்டெனா என்று சொல்வதென்றால், நீட்டி மடக்கும் தூண்டில் தடியில் நிமிர்த்திக் கட்டிய 3.4 மீற்றர் வயர். அடியிலிருந்து அதே நீளத்தில் நான்கு வயர்கள், இரண்டு ஈரமணலைத் தொட்டுக்கொண்டு. நான் அனுப்பிய 21 மெகாஹேர்ட்ஸுக்கு அந்த நீளம் அலைநீளத்தில் கால் பங்கு.

எல்லா வேலையையும் கடல்தான் செய்தது. உப்பு நீரின் மின் கடத்துதிறன் சாதாரண நிலத்தைப் போல ஆயிரம் மடங்கு. செங்குத்து அன்டெனாவை அலை நனைக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால் சிக்னல் தாழ்ந்த கோணத்தில் கிளம்பித் தூரம் போகும். கோணேசர் கோயில் மலை உச்சிதான் நல்ல இடம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உயரத்தைவிடத் தண்ணீர்தான் முக்கியம். தவிர, கோயில் இருக்கிற பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. வயரும் கையுமாக அங்கே போய் நிற்க வேண்டாம்.

ஞாயிறு பின்னேரம் ஐந்து மணி இருக்கும். கச்சான் காற்றில் தடி கடல் பக்கமாக வளைந்து நின்றது. மருமகன் கொப்பியில் பதிந்துகொண்டிருந்தான். தரம் 10 படிக்கிற பிள்ளை, அன்றுதான் முதல்முறையாக அம்பியர்மானியைக் கையில் எடுத்தான். அவன் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட அலுமாரி பூட்டித்தான் கிடக்கிறது. உபகரணங்கள் வாங்கிய உறைகூடப் பிரிக்காமல் உள்ளே இருக்கின்றன. உடைந்தால் யார் பொறுப்பு என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்கு அம்பியர்மானியைப் படமாகக் கீறிப் பாடமாக்குகிறார்கள். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்லோவேனியா நிலையம் ஒன்று பலமாக வந்தது. என் அழைப்புக்குறியை மூன்றாவது தடவையில் பிடித்துவிட்டார். நன்றாகக் கேட்கிறது என்பதற்கான 599 கொடுத்தேன், கூடவே வரிசை எண் 037, அதாவது போட்டியில் இது என் 37ஆவது தொடர்பு. எண் அவருக்குக் கேட்கவில்லை. "என்ஆர்?", அதாவது எண் என்ன, என்று திருப்பிக் கேட்டார். அந்த நேரம் பார்த்துக் கரைவலைக்காரர் கயிற்றை இழுத்தபடி எங்கள் வயருக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

"தம்பி, வயரை எடுங்கோ, மடி கரைக்கு வருது" என்றார் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார். மடி என்றால் மீன் சேரும் வலைப் பை.

"ஐயா, அரை நிமிஷம்" என்றேன். கை மோர்ஸ் சாவியை விடவில்லை. 037, 037. மறுபடியும் "என்ஆர்?" நிமிர்ந்து பார்த்தால் முன்னால் நின்ற இரண்டு பேர் கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, தடியைச் சுற்றிக் கடத்திக்கொண்டிருந்தார்கள். கயிற்றிலிருந்து சொட்டிய தண்ணீர் மருமகனின் கொப்பியில் விழுந்து 36ஆம் வரி கலங்கிப்போனது. இன்னொரு தடவை 037 அனுப்பினேன். "ஆர் 37", 37 கிடைத்தது, என்று பதில் வந்தது.

சம்மாட்டியார் கிட்ட வந்து, "ஆரோட கதைச்சனீங்க?" என்று கேட்டார். ஸ்லோவேனியா, இத்தாலிக்குப் பக்கத்து நாடு என்றேன். "என்ட மகன் இத்தாலியிலதான் இருக்கான்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த ரேடியோவையே பார்த்துக்கொண்டு நின்றார். வாட்ஸ்அப் இருக்க இது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. படித்தவர்கள்தான் கேட்கிறார்கள். 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது வங்காள விரிகுடாவின் எதிர்ப்பக்கத்தில், அந்தமான் போர்ட் பிளேயரில், பாரதி பிரசாத்தின் அமெச்சூர் நிலையம்தான் வெளியுலகத்துக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது.

அப்புறம், அந்த ஸ்லோவேனியாக்காரர் ஏன் அவ்வளவு பொறுமையாக நின்றார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அழைப்புக்குறியின் முதல் பகுதிக்கு முன்குறி என்று பெயர், இந்தப் போட்டியில் ஒவ்வொரு புதிய முன்குறியும் புள்ளியைப் பெருக்கித் தரும். இலங்கையின் 4எஸ்7 அதிகம் கேட்கிற முன்குறி இல்லை. நமக்கு அவர் வேண்டும் என்பதைவிட அவருக்கு நாம் வேண்டும். அதனால் நீங்கள் பொது அழைப்புக் கொடுத்துக் களைக்க வேண்டாம். பலமாகக் கேட்பவர்களைத் தேடிப்போய்ப் பதில் கொடுங்கள். முதல் நாள் நெரிசலில் முட்டுப்படுவதைவிட ஞாயிறு பின்னேரம் நல்லது. பெரிய நிலையங்கள் அப்போது புதிய ஆட்களுக்காக ஏங்கிக்கொண்டிருக்கும், மெல்லிய சிக்னலையும் விடமாட்டார்கள்.

லைசென்ஸ் பிரதி ஒன்றைப் பையில் வைத்திருங்கள். பொலிஸ் நிலையத்தில் முதல் நாளே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள், எங்கள் ஊரில் அது அவசியம். கரைவலை எத்தனை மணிக்கு இழுப்பார்கள் என்று விசாரித்துவிட்டு வயரை விரியுங்கள்.